எச்.ஐ.வி. உள்ள குழந்தைக்குத் தட்டம்மை ஊசி: வீட்டாருக்குச் சில குறிப்புகள்

1. "இந்தப் பிள்ளைக்கு ஊசியே ஆகாது" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தட்டம்மை வந்தால் நிமோனியா வரை போய் உயிருக்கே ஆபத்தாவது இந்தக் குழந்தைகளுக்குத்தான் அதிகம்.

2. தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தால், அவரிடமிருந்து பிள்ளைக்கு வரும் எதிர்ப்புச் சக்தி குறைவு. சீக்கிரமே தீர்ந்தும் போகும். அதனால்தான் ஆறாம் மாதத்திலேயே கூடுதலாக ஒரு தவணை போடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டாக்டரிடம் கேளுங்கள். அந்தக் கூடுதல் தவணை கணக்கில் சேராது. 9-12 மாதத்திலும் 16-24 மாதத்திலும் அரசு போடும் தட்டம்மை-ரூபெல்லா (எம்.ஆர்.) ஊசிகள் இரண்டும் வேண்டும். 18 மாத எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

3. இது வீரியம் குறைத்த உயிர்க்கிருமி ஊசி. ஆகவே ஊசிக்குப் போவதற்கு முன், எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 ரிப்போர்ட்டைப் பாருங்கள். ஐந்து வயதுக்குள் 15 சதவீதத்துக்குக் கீழே, அதற்கு மேற்பட்ட வயதில் எண்ணிக்கை 200-க்குக் கீழே என்றால் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போடுவதுதான், விட்டுவிடுவதல்ல.

4. பலரும் கோட்டைவிடும் இடம் இது. கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) தொடங்குவதற்கு முன் போட்ட ஊசியின் பலன் பல பிள்ளைகளுக்கு நிலைப்பதில்லை. மாத்திரை பிடித்து, சி.டி.4 ஏறிய பிறகு இன்னொரு தவணை வேண்டும். தடுப்பூசி அட்டையில் கட்டங்கள் நிரம்பியிருப்பதைப் பார்த்து, "எல்லாம் போட்டாச்சே" என்று நர்ஸ் திருப்பி அனுப்பக்கூடும். ஏ.ஆர்.டி. மைய டாக்டரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிப் போங்கள்.

5. பிள்ளைக்கு எச்.ஐ.வி. இருப்பதை வரிசையில் நின்று உரக்கச் சொல்ல வேண்டியதில்லை; ஊசி போடுபவரிடம் தனியாகச் சொன்னால் போதும். சம்மதமின்றி அதை வெளியே சொல்லக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. விவரம் கேட்க 1097, கட்டணமில்லை.

6. அண்ணன், அக்காவுக்கும் ஊசி பாக்கி இருந்தால் போட்டுவிடுங்கள். அவர்களுக்குப் போட்ட ஊசியிலிருந்து இந்தப் பிள்ளைக்குத் தொற்றாது.

7. ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சலோ லேசான தடிப்போ வரலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், எடைக்கேற்ற அளவில். மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிதான்.

8. காசநோய்க்குத் தோலில் ஊசி போட்டுப் பார்ப்பதாக இருந்தால், இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், தட்டம்மை ஊசி போட்டு ஆறு வாரம் தள்ளி அந்தப் பரிசோதனை. சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

9. அம்மை வந்துவிட்டால் வேப்பிலை கட்டுங்கள், யார் வேண்டாமென்றது? ஆனால் "ஆத்தா வந்திருக்கா" என்று கூட்டு மருந்தை ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது. எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்த பிள்ளைக்குத் தடிப்பே இல்லாமலும் தட்டம்மை வரும். காய்ச்சல், இருமல், கண் சிவப்பு இருந்தாலே காட்டிவிடுங்கள். வயதுக்கேற்ற அளவில் இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

10. பக்கத்து வீட்டிலோ வகுப்பிலோ யாருக்காவது தட்டம்மை என்று தெரிந்தால், முன்பே ஊசி போட்டிருந்தாலும், அன்றைக்கே ஏ.ஆர்.டி. மையத்துக்குச் சொல்லுங்கள். இம்யூனோகுளோபுலின் ஊசி தேவைப்படலாம். அதை, தொடர்பு ஏற்பட்ட ஆறு நாட்களுக்குள் போட்டாக வேண்டும்.