குடிலுக்கு ஓர் ஆட்டுக்குட்டி



கிறிஸ்து பிறந்த திருநாள் நெருங்குகிறது. குடிலுக்கு வேண்டிய சுரூபங்களைக் கடையில் வாங்குவீர்கள். உங்கள் இரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வேலையில் பங்கு உண்டா? 1223-ம் ஆண்டில் அர்ச். பிரான்சிஸ் அசிசியார் கிரேச்சியோ என்னும் ஊரில் அமைத்த குடிலில் இருந்தவை வைக்கோல், தீவனத்தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை. எளிமை குடிலுக்குக் குறையன்று.

இரண்டு கோப்பை மைதா, ஒரு கோப்பை தூளுப்பு, ஏறக்குறைய ஒரு கோப்பை தண்ணீர் சேர்த்துச் சப்பாத்தி மாவு பதத்தில் பிசையுங்கள். அரை விரல் கனத்துக்குத் தட்டி, பிள்ளையின் கையை விரித்துப் பதியுங்கள். தலைகீழாய்த் திருப்பினால் நான்கு விரல்களும் கால்கள், பெருவிரல் தலை. ஓரத்தை வெட்டி, புரட்டிப் புரட்டிச் சில நாள் காயவைத்து, பஞ்சு ஒட்டுங்கள்.

உப்பு மிகுந்த இம்மாவைப் பிள்ளை தின்னாதபடி அருகிலேயே இருங்கள். கண்ணுக்கு மணியோ பொத்தானோ ஒட்டவேண்டாம். வாயிலிட்டால் தொண்டையை அடைக்கும். மையால் ஒரு புள்ளி போதும்.

ஆடு கோணலாய்த்தான் வரும். திருத்தாதீர்கள். பிள்ளை உறங்கியபின் அழகாய் வேறொன்று செய்து வைத்தால், காலையில் அது தன் ஆட்டைத் தேடுமே! உன் கை போதாது என்றல்லவா அதற்குக் கற்பித்தவர்களாவோம்?

பாட்டிக்கும் ஒன்று செய்து, பின்புறம் ஆண்டை எழுதிக் கொடுங்கள். அடுத்த திருநாளில் அந்தக் கை அந்தப் பதிவுக்குள் அடங்காது.