பூட்டும் சாவியும் ஒரே அறையில்

ஆலங்குளம் என்றதும் பலர் தென்காசிப் பக்கத்து ஊரை நினைத்துக்கொள்வார்கள். நான் பணியாற்றுவது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் அருகே, அரசு சிமெண்ட் ஆலை இருக்கும் வட்டாரத்தில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில். எங்கள் மாணவர்களில் பலருடைய பெற்றோர் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள். விடியும்போதே ஆலை வேன் வந்து நிற்கும். அம்மா வேனில் ஏறிய பிறகு தங்கைக்குத் தலை பின்னிவிட்டு, தானும் குளித்து, இருவருமாகப் பள்ளிக்கு வந்து சேரும் அண்ணன்கள் எங்கள் வகுப்புகளில் உண்டு.

அப்படி ஒரு மாணவன் ஆறாம் வகுப்பில் இருந்தான். கணக்குப் பாடவேளையில் கடைசி வரிசை. கரும்பலகையில் உள்ள வினாவை அழகான கையெழுத்தில் எழுதுவான். விடைக்கான இடத்தைக் காலியாக விட்டு, நான் விடை எழுதும்வரை காத்திருப்பான். கேட்டால், "எனக்கு வராது சார்" என்ற ஒரே பதில்தான்.

ஒருநாள் மதிய இடைவேளையில் அவன் நண்பர்களிடம் பேசியது காதில் விழுந்தது. வீட்டுக் கைப்பேசியில் ஒரு புதிர் விளையாட்டு. அதில் ஒரு கட்டத்தைத் தாண்ட முப்பது தடவைக்கு மேல் முயன்றானாம். கூப்பிட்டுக் கேட்டேன். "ஏன்ய்யா, அதுல முப்பது தடவை தோத்தும் விடாம ஆடுற. கணக்குல ஒரு தடவை தப்பானதும் ஏன் விட்டுர்ற?"

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான். "அதுல தோத்தா யாரும் பாக்க மாட்டாங்க சார். எங்க தப்புன்னும் அப்பவே தெரிஞ்சுரும். இங்க நோட்டு திரும்பி வர ரெண்டு நாளாவுது."

இந்தப் பதில் என்னை இருபது ஆண்டுகளுக்கு முன்னால் இழுத்துச் சென்றது.

பதினொரு நாள் சிக்கியிருந்த கதை

பி.எட். படிக்கும்போது மதுரையில் அறை நண்பர் ஒருவரிடம் பழைய கணினி இருந்தது. அதில் 'மிஸ்ட்' என்றொரு விளையாட்டு. 1993-இல் அமெரிக்காவின் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற சகோதரர்கள் உருவாக்கியது. அறுபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2002 வரை கணினி விளையாட்டு விற்பனையில் அதுவே முதலிடத்தில் இருந்தது.

அதில் சண்டை இல்லை, சுடுதல் இல்லை, மதிப்பெண் இல்லை, நேரக் கணக்கும் இல்லை. ஆளில்லாத ஒரு தீவில் நீங்கள் நிற்கிறீர்கள். நூலகம், மணிக்கூண்டு, கப்பல், ராக்கெட் எல்லாம் இருக்கின்றன. என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பார்த்து, கேட்டு, குறித்து வைத்து, நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்று முழுக்கப் படமும் எண்ணுமாக நிரப்பினேன். கல்லூரிப் பாடத்துக்குக்கூட அவ்வளவு ஒழுங்காகக் குறிப்பெடுத்ததில்லை.

அதில் பூமிக்கடியில் ஒரு சுரங்கப் பாதை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓர் ஒலி கேட்கும். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் பதினொரு நாள் சுற்றினேன். விளையாட்டின் மீதும் என் மீதும் கோபம் வந்தது. கடைசியில் நண்பர் ஒரே ஒரு வரி சொன்னார்: "இந்தச் சத்தத்த வேற எங்கயாவது கேட்டிருக்கியா?"

கேட்டிருந்தேன். வேறோர் இடத்தில், சுழலும் கோட்டையைத் திசை திருப்பும்போது வடக்குக்கு ஒன்று, கிழக்குக்கு ஒன்று என இதே ஒலிகள் வந்தன. அன்று இரவே பாதையைக் கடந்துவிட்டேன். நண்பர் விடையைச் சொல்லியிருந்தால் எனக்கு அந்த மகிழ்ச்சி கிடைத்திருக்காது. எதுவுமே சொல்லாமல் இருந்திருந்தால் நான் விளையாட்டையே விட்டிருப்பேன்.

கடினம் வேறு, அநியாயம் வேறு

இவ்வகை விளையாட்டுகளின் முன்னோடி, 1970-களின் நடுவில் வில் கிரவுதர் என்ற கணினி நிரலாளர் எழுதிய குகை விளையாட்டு. அவர் குகைகளுக்குள் இறங்கி ஆராய்வதில் ஆர்வம் கொண்டவர். கெண்டக்கி மாநிலத்து மாமத் குகையைத் தழுவி, தம் மகள்கள் விளையாடுவதற்காக எழுதினார். படமே கிடையாது, எழுத்து மட்டும்தான். 1977-இல் டான் உட்ஸ் அதை விரிவாக்கினார். பிறகு இதே வழியில் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் வந்தன. அவற்றில் சில ஆட்டக்காரர்களை மகிழ்வித்ததோடு அழவும் வைத்தன.

'கிங்ஸ் குவெஸ்ட்' வரிசையின் ஐந்தாம் பாகத்தில் உங்கள் கையில் ஓர் இனிப்புப் பண்டம் கிடைக்கும். பசிக்கிறதே என்று அதைத் தின்றுவிட்டால், வெகுநேரம் கழித்துப் பனிமலை மிருகம் வரும்போது அதன் முகத்தில் எறிய எதுவும் இருக்காது. கதை அங்கேயே முடிந்தது. செய்த தவறு எதுவென்று விளையாட்டு சொல்லாது. 1999-இல் வந்த 'கேப்ரியல் நைட்' மூன்றாம் பாகத்தில், மீசையே இல்லாத ஒருவரைப் போல வேடமிட வேண்டும். அதற்குப் பூனை முடியை ஒட்டுநாடாவில் பிடித்து, இனிப்புப் பாகால் முகத்தில் மீசையாக ஒட்டிக்கொண்டு, அவருடைய கடவுச்சீட்டுப் படத்திலும் மீசை வரைய வேண்டும்! விடை தெரிந்த பிறகும் 'அட, ஆமாம்' என்று யாருக்கும் தோன்றாது.

நம் பாட்டிமார் போட்ட விடுகதைகளை எண்ணிப் பாருங்கள். விடை எப்போதும் நாம் தினமும் பார்க்கும் பொருள்தான். தெரியாதபோது தவிப்போம்; தெரிந்ததும் 'இதுகூடத் தெரியாமல் போச்சே' என்று சிரிப்போம். அந்தச் சிரிப்பு வந்தால் அது நியாயமான புதிர். வராவிட்டால், புதிர் போட்டவர் மனத்தில் இருப்பதை நாம் ஊகிக்க வேண்டியிருந்தது என்று பொருள்.

இந்தக் குறையை அத்துறையினரே உணர்ந்தார்கள். ரான் கில்பர்ட் என்ற வடிவமைப்பாளர் 1989-இல் இதைப் பற்றிக் கடுமையாக ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு வந்த அவருடைய 'மங்கி ஐலண்ட்' விளையாட்டில், தெரியாமல் செய்த ஒரு தவறால் ஆட்டக்காரர் நிரந்தரமாகச் சிக்கிக்கொள்வது என்ற பேச்சுக்கே இடமில்லை.

நம்மவர் செய்ததும் ஒன்று உண்டு. கனடாவின் டொரண்டோ நகரிலிருந்து 2023-இல் வெளிவந்த 'வெண்பா', 1980-களில் அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் இருக்கிறது. விடுபட்ட படிகளை யோசித்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே வரை போகும்? நம் வீட்டு அடுப்படியில் விடை இருக்கிறது. தவறினால் தண்டனை கிடையாது, மறுபடி செய்யலாம். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அதைச் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தேர்ந்தெடுத்தது.

நான் செய்த பூனை மீசை

இவ்வளவும் தெரிந்த நானே என் வகுப்பில் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு பாடத்தை முடித்ததும் 'அப்பத்தாவின் பெட்டி' என்றொரு செயல்பாடு வடிவமைத்தேன். மூன்று இலக்க எண் பூட்டுள்ள பழைய பெட்டி. மூன்று அட்டைகள்.

சிவப்பு அட்டை: மேலத் தெருவுக்கு 2 நாளுக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீர் வரும், கீழத் தெருவுக்கு 3 நாளுக்கு ஒருமுறை. இன்று இரண்டிலும் வந்தது. மறுபடி எத்தனை நாளில் இரண்டிலும் சேர்ந்து வரும்?

பச்சை அட்டை: 16 கடலை மிட்டாய், 24 முறுக்கு. மீதமின்றி, எல்லாப் பையிலும் ஒரே மாதிரி இருக்கும்படி அதிகபட்சம் எத்தனை பைகள் போடலாம்?

மஞ்சள் அட்டை: 1 முதல் 10 வரை எத்தனை பகா எண்கள்?

விடைகள் 6, 8, 4. ஆனால் எந்த இலக்கம் முதலில்? அந்த வரிசையைச் சுவரில் தொங்கிய நாள்காட்டியின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன். 'நன்றாகத் தேடட்டும்' என்ற எண்ணம். விறுவிறுப்புக்காக ஒரு விதியும் போட்டேன்: மூன்று முறை தவறினால் அந்தக் குழு வெளியே.

ஏழு குழுக்களில் ஐந்து குழுக்கள் மூன்று எண்களையும் சரியாகக் கண்டுபிடித்தன. நாள்காட்டியை ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை. மூன்று இலக்கங்களை 6 விதமாக அடுக்கலாம். நான் அனுமதித்ததோ 3 முயற்சிகள். கணக்கு சரியாகப் போட்ட குழந்தைகளின் வெற்றி தோல்வியைப் பாதிக்குப் பாதி அதிர்ஷ்டத்திடம் ஒப்படைத்திருக்கிறேன். அதுவும் ஒரு கணித ஆசிரியர்!

அந்த மாணவன் அன்று முதல் முறையாக ஒரு கணக்கைத் தானே போட்டிருந்தான். முறுக்குக் கணக்கு, விடை 8, சரி. அவன் குழுவின் மூன்றாம் முயற்சிக்குப் பூட்டைத் திருப்பியதும் அவன்தான். திறக்கவில்லை. "உன்னாலதான்டா போச்சு" என்றார்கள். அடுத்த இரண்டு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். இருக்கலாம். எனக்கு அந்த இரண்டு நாளும் நிம்மதி இல்லை.

மாற்றி அமைத்தது

மூன்று மாற்றங்கள் செய்தேன்.

ஒன்று, பூட்டும் சாவியும் ஒரே அறையில் இருக்க வேண்டும். வரிசைக்கான குறிப்பு பெட்டி மீதே வந்தது. பூட்டின் மூன்று இலக்கங்களுக்கும் நேராகச் சிவப்பு, பச்சை, மஞ்சள் பொட்டுகள். கண்ணெதிரே இருக்கும், ஆனால் கவனித்தால்தான் புரியும்.

இரண்டு, முயற்சிகளுக்கு வரம்பு இல்லை. ஒவ்வொரு தவறுக்கும் உடனே பதில் சொல்வேன்: "ஓர் இலக்கம் சரியான இடத்தில் இருக்கிறது." அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம் என்று குழு ஒரு வரி எழுதிய பிறகே அடுத்த முயற்சி. 'நோட்டு திரும்பி வர ரெண்டு நாளாவுது' என்ற புகாருக்கு என்னால் தர முடிந்த பதில் இது.

மூன்று, படிப்படியான குறிப்புகள். 1980-களில் இன்ஃபோகாம் என்ற நிறுவனம் தன் விளையாட்டுகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சிட்ட குறிப்புப் புத்தகம் விற்றது. தனிப் பேனாவால் தேய்த்தால் எழுத்து தெரியும். முதல் வரி இலேசாகத் தொட்டுக் காட்டும். அடுத்தது இன்னும் கொஞ்சம். கடைசியில்தான் முழு விடை. எவ்வளவு உதவி வேண்டும் என்பதை ஆட்டக்காரரே முடிவு செய்யலாம். நான் ஒவ்வொரு அட்டைக்கும் மூன்று மடித்த சீட்டுகள் வைத்தேன். முதல் சீட்டு எங்கே பார்ப்பது என்று சொல்லும். இரண்டாவது எந்தக் கருத்து என்று சொல்லும். மூன்றாவதில் முதல் படி செய்து காட்டப்பட்டிருக்கும். முழு விடை எதிலும் இல்லை.

முதலில் ஒரு சீட்டுக்கு ஒரு மதிப்பெண் கழிப்பு என்று வைத்தேன். உதவி தேவைப்பட்டவர்கள்தாம் சீட்டைத் தொடப் பயந்தார்கள். கழிப்பை எடுத்துவிட்டேன்.

பி.எட். தேர்வுக்காக வைகாட்ஸ்கியின் அண்மை வளர்ச்சி மண்டலத்தை நாம் எல்லோரும் எழுதியிருக்கிறோம். உட், புரூனர், ராஸ் ஆகியோர் 1976-இல் 'சாரம் கட்டுதல்' என்ற சொல்லால் ஆசிரியர் உதவியை விளக்கியதையும் படித்திருக்கிறோம். சிமெண்ட் ஆலை ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாரம் என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. சுவர் எழும்வரை கட்டி, எழுந்ததும் பிரிப்பது. சாரமே இல்லாவிட்டால் கொத்தனார் விழுவார். சாரத்தைப் பிரிக்காமலே விட்டால் அந்த வீட்டில் யாரும் குடியிருக்க முடியாது. கடையில் விற்கும் விடைக் கையேடு பிரிக்காத சாரம்.

சில எச்சரிக்கைகள்

இதற்குக் கணினி தேவையில்லை; அட்டையும் பூட்டும் போதும். பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. காசு பிடுங்கும் விளையாட்டுகளும், ஆட்டக்காரரை எழுந்திருக்கவிடாமல் இழுத்துப் பிடிக்கும் விளையாட்டுகளும் நிறைய. நல்ல புதிர் முடிந்ததும் நம்மை விட்டுவிடும்.

இதற்கு நேரம் பிடிக்கும். ஒரு பாடவேளைச் செயல்பாட்டைத் தயாரிக்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. எல்லாப் பாடத்துக்கும் முடியாது. பருவத்துக்கு ஒன்று, இரண்டு போதும். வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் சக ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். எங்கள் தமிழாசிரியரிடம் முதலிலேயே கொடுத்திருந்தால், நாள்காட்டி விஷயத்தை அவர் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

சிக்கி நிற்கும் பிள்ளையைப் பார்த்ததும் ஓடிப்போய் விடை சொல்லும் பழக்கத்தை அடக்குவதுதான் எனக்கு இன்றும் கடினம். ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். பிறகு, "இத வேற எங்கயாவது பாத்திருக்கியா?" என்று கேட்கிறேன். மதுரை நண்பர் எனக்குத் தந்த அதே வரி.

மாற்றி அமைத்த பெட்டியை மறுவாரம் வேறு எண்களோடு வைத்தேன். அந்த மாணவன் மேசைக்கு வந்தான். முதல் சீட்டைப் பிரித்துப் படித்தான். இரண்டாவதை எடுத்து, பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அதை அப்படியே திரும்ப வைத்தான்.

"வேண்டாமா?" என்றேன்.

"இருங்க சார், பாக்குறேன்" என்று குழுவுக்குப் போய்விட்டான்.

அன்று அவர்கள் பெட்டியைத் திறக்க ஐந்து முயற்சிகள் ஆயின. ஐந்துக்குமான வரிகள் அவன் கையெழுத்தில் இருந்தன.