ரொட்டி என்று பெயர் பெற்ற கார்

‘மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது’ என்பது நம் முன்னோர் வாக்கு. இது மனிதருக்கு மட்டுமன்று, இயந்திரங்களுக்கும் பொருந்தும். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் ஓடிய ஒரு சின்னஞ்சிறு கார் இதற்குச் சான்று. அதைக் கண்டு ஊரே சிரித்தது. ஆயினும் அது கற்றுத் தந்த பாடம் இன்றும் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வறுமையில் பிறந்த எண்ணம்

1914-ல் தொடங்கிய முதல் உலகப் போர் 1918-ல் ஜெர்மனியின் தோல்வியோடு முடிந்தது. அதன்பின் அந்நாட்டு நாணயமான மார்க்கின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்தது. 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டாலர் வாங்க 4.2 லட்சம் கோடி மார்க் வேண்டியிருந்தது! வாழ்நாள் முழுவதும் சேர்த்த பணம் ஒரு வேளை உணவுக்கும் போதாமற் போயிற்று. இத்தகைய நாட்டில் சாதாரணக் குடும்பம் கார் வாங்குவதைக் கனவிலும் நினைக்க முடியுமா?

ஹானோவர் நகரில் ஹானோமாக் என்னும் தொழிற்சாலை இருந்தது. ரயில் எஞ்சின்கள் செய்வதில் பெயர் பெற்றது அது. மலைபோன்ற எஞ்சின்களைச் செய்த அந்த ஆலையிலிருந்துதான் 370 கிலோ எடையே உள்ள ஒரு சிறு கார் பிறந்தது. அதை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் ஃபிடேலிஸ் ப்யோலர் என்னும் பொறியாளர்.

எது தேவை? எது தேவையில்லை?

பெரிய காரைச் சுருக்கிச் சிறிய கார் செய்வது எளிது. ஆனால் அதன் விலை அவ்வளவாகக் குறையாது. ப்யோலர் வேறு வழியில் சிந்தித்தார். இருவரை மழையில் நனையாமல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்ல எவையெவை கட்டாயம் வேண்டும் என்று முதலிலிருந்தே எண்ணிப் பார்த்தார்.

நான்கு சிலிண்டர் எதற்கு? ஒன்று போதும். சுமார் 500 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 10 குதிரைத்திறனும் கொண்ட எஞ்சினை ஆசனத்தின் பின்புறம் வைத்தார். இரண்டு கதவு எதற்கு? இடப்பக்கம் ஒன்று போதும். எஞ்சினின் ஆற்றலைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டு செல்ல நீண்ட தண்டு எதற்கு? சைக்கிளில் உள்ளதுபோல் ஒரு சங்கிலி போதும்.

இன்னொன்றையும் அவர் விட்டுவிட்டார். மாணவியரே, விளையாட்டு விழா அணிவகுப்பில் மூலை திரும்பும்போது கவனித்திருக்கிறீர்களா? உட்புறம் நிற்பவள் நின்ற இடத்திலேயே கால் மாற்றுவாள். வெளிப்புறம் இருப்பவளோ எட்டி நடை போட்டால்தான் வரிசை கலையாது. காரின் சக்கரங்களும் அப்படியே. திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும். இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல உதவும் பல்சக்கரத் தொகுதிக்கு டிஃபரென்ஷியல் என்று பெயர். ஹானோமாக் காரில் அது இல்லை! காரின் அகலம் மிகக் குறைவு ஆதலால் அந்த வேறுபாடும் குறைவு. திருப்பங்களில் டயர் சற்றுத் தேயும். அந்தக் குறையைப் பொறுத்துக் கொண்டால் விலை குறையும், எடையும் குறையும்.

கேலிப் பெயர்

அந்நாளைய கார்களில் சக்கரங்களின்மேல் தனித்தனி மட்கார்டுகளும், ஏறுவதற்கு நீண்ட படிப்பலகையும் இருந்தன. அவற்றுக்கு நடுவே குறுகிய பெட்டியில் மனிதர்கள் உட்கார்ந்தனர். ப்யோலர் அவற்றை நீக்கிக் காரின் முழு அகலத்திற்கும் உடற்பகுதியை விரித்தார். அதனால் அவ்வளவு சிறிய காரிலும் இருவர் பக்கத்தில் பக்கத்தில் அமர இடம் கிடைத்தது. முன்னும் பின்னும் ஒரே மாதிரி உருண்டிருந்த அந்த உருவத்தைக் கண்ட மக்கள், ராணுவ வீரர்களுக்குக் கொடுக்கும் ரொட்டியின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டனர். ‘கொம்மிஸ்ப்ரோட்’ என்பது அப்பெயர். தகரத்தையும் வர்ணத்தையும் சொல்லிக் கேலிப் பாட்டும் கட்டினர்.

ஆனால் ரொட்டி என்பது கேலிக்குரிய பொருளா? பசித்தவனுக்கு அதைவிட மேலானது எது? சுமார் 2,000 மார்க் விலையில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிய அந்தக் காரை மக்கள் வாங்கினர். 1925 முதல் 1928 வரை 15,775 கார்கள் அந்த ஆலையிலிருந்து வெளிவந்தன. பின்னர் ‘கார் என்றால் கார் போல இருக்க வேண்டும்’ என்ற ஆசை மேலோங்கவே, 1928-ல் ஹானோமாக் வழக்கமான தோற்றமுடைய வேறொரு காரைச் செய்யத் தொடங்கியது.

வாக்குறுதியும் வாழ்வும்

பத்தாண்டுகள் கழிந்தன. 1938-ல் ஹிட்லரின் அரசு, 990 மார்க்கில் மக்களுக்குக் கார் தருவதாகப் பெரிதாக முழங்கியது. வாரம் 5 மார்க் கொடுத்து வில்லை வாங்கி அட்டையில் ஒட்டி வரவேண்டும் என்பது திட்டம். ஏறத்தாழ 3,36,000 பேர் நம்பிக்கையோடு பணம் கட்டினர். 1939-ல் போர் மூண்டது. அந்த ஆலை ராணுவ வண்டிகள் செய்தது. அடிமைகளைப்போல் பிடித்து வரப்பட்டவர்கள் அங்கே வேலை வாங்கப்பட்டனர். பணம் கட்டியவர்களில் ஒருவருக்கும் அத்திட்டத்தின்படி கார் கிடைக்கவில்லை. போருக்குப் பின்னரே அந்தக் கார் ‘வோக்ஸ்வேகன்’ என்ற பெயரில் உலகெங்கும் ஓடியது.

ஒன்று ஆரவாரமின்றி வந்தது, கேலிக்கு ஆளானது, ஆயினும் சொன்னபடி ஓடியது. மற்றொன்று கொடியும் முழக்கமுமாக வந்து ஏழையின் சேமிப்பைக் கொண்டு போயிற்று. இவ்விரண்டில் எது பெரியது?

இன்று தெருவில் செல்லும் பெரும்பாலான கார்களைப் பாருங்கள். தனி மட்கார்டு இல்லை, படிப்பலகை இல்லை, உடற்பகுதி முழு அகலத்திற்கும் விரிந்திருக்கிறது. அன்று சிரிப்புக்கு இடமான உருவமே பின்னாளில் பெரும்பாலோருக்கும் வழக்கமாயிற்று. ஆகவே மாணவியரே, உங்கள் எளிய முயற்சியைக் கண்டு யாரேனும் சிரித்தால் மனம் தளர வேண்டாம். அது பிறருக்குப் பயன்படுமா என்ற ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். பயன்படும் என்றால், சிரிப்பு அடங்கும், பயன் நிலைக்கும்.