பயணத்தில் உடல்நலம் பேணுதல்



பயணம் அறிவை வளர்ப்பது. செம்பனை மரங்களுக்கிடையே வளரும் பிள்ளை கோலாலம்பூரின் தேசிய அருங்காட்சியகத்தையும் பத்துமலைக் குகையையும் நேரில் காணும்போது, பாடநூலில் படித்த பல செய்திகள் அதற்கு ஒரே நாளில் விளங்கிவிடுகின்றன. ஆயினும், புறப்படும்போது நலமாக இருந்தவர் திரும்பி வந்ததும் வயிற்றுவலி, தலைவலி, காய்ச்சல் என்று படுத்துக்கொள்வதையும் நாம் காண்கிறோம். இதற்குக் காரணம் யாது? இதனைத் தவிர்ப்பது எவ்வாறு? ஆயுர்வேதமும் சித்த மருத்துவமும் இதுபற்றிக் கூறுவனவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் மாணவர்களைப் பேருந்தில் கல்விச் சுற்றுலாவிற்கு அழைத்துச் சென்றோம். புறப்படுமுன், "வழியில் பேருந்து எங்கும் நிற்காது, நினைவிருக்கட்டும்" என்று கண்டிப்பாகக் கூறினோம். முற்பகல் அருங்காட்சியகத்தில் கழிந்தது. நண்பகல் வெயிலில் பத்துமலையின் 272 படிகளில் ஏறிக்கொண்டிருந்தபோது, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி தலைசுற்றிச் சாய்ந்தாள். அவளை நிழலுக்குத் தூக்கிச் சென்று, கால்களைச் சற்று உயர்த்திப் படுக்கவைத்து, ஈரத்துணியால் முகத்தையும் கழுத்தையும் துடைத்தோம். சிறிது நேரத்தில் கண்விழித்தாள். அவளுடைய தண்ணீர்ப் போத்தலை எடுத்துப் பார்த்தோம். காலையில் அவள் தாயார் நிரப்பிக் கொடுத்தபடியே இருந்தது.

"ஏனம்மா குடிக்கவில்லை?" என்று கேட்டோம்.

"தண்ணீர் குடித்தால் ஒன்றுக்கு வரும், ஐயா. பேருந்து நிற்காது என்று சொன்னீர்களே" என்றாள்.

அம்மறுமொழி எம்மைத் தலைகுனிய வைத்தது. அவள் மயங்கியதற்கு வெயில் மட்டும் காரணமன்று. நாம் சொன்ன சொல்லும் காரணமாயிற்று.

மருத்துவ நூல்கள் கூறுவது

ஆயுர்வேதத்தின் பழம்பெரும் நூல்களுள் ஒன்று சரக சம்ஹிதை. அது, உடலின் 13 இயற்கை வேகங்களை அடக்கலாகாது என்று கூறுகிறது. சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், தும்மல், கொட்டாவி, கண்ணீர் முதலியன அவற்றுள் அடங்கும். சித்த மருத்துவத்தில் இவ்வேகங்கள் 14 எனப்படும். இவற்றை அடக்குவதே பல நோய்களுக்கு வாயில் என்பது அந்நூல்களின் கருத்து.

நம் உடலை வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றும் சமநிலையில் நின்று காக்கின்றன என்பது இம்மருத்துவ முறைகளின் அடிப்படை. வண்டியின் குலுக்கலும், நேரம் தவறிய உணவும், தூக்கக் குறைவும் வாதத்தை மிகுவிக்கும். கடும் வெயில் பித்தத்தை மிகுவிக்கும் என்பர். இக்கால மருத்துவர் இதனையே நீரிழப்பு, வெப்பச் சோர்வு, அயர்ச்சி என்று வேறு சொற்களால் விளக்குவார். சொற்கள் வேறாயினும், வேளையோடு உண்டு, வேண்டிய நீர் பருகி, போதிய அளவு உறங்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். சுருங்கக் கூறின், ஊரை விட்டுப் புறப்படும் நாம், வீட்டின் நல்லொழுங்கை விட்டுப் புறப்படலாகாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. உறக்கம்: பயணத்திற்கு முந்திய இரவு நேரத்தோடு உறங்க வேண்டும். படுக்குமுன் உள்ளங்காலில் சிறிது நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்வது ஆயுர்வேத வழக்கம். எண்ணெய்க் காலோடு நடந்து வழுக்கி விழாதபடி துணியால் துடைத்துவிடுக.

2. உணவு: வாக்படர் இயற்றிய அஷ்டாங்க ஹிருதயம், வயிற்றின் நான்கு பகுதிகளுள் இரண்டை உணவாலும் ஒன்றை நீராலும் நிரப்பி, ஒன்றை வெற்றிடமாக விடச் சொல்கிறது. பயண நாளில் இவ்விதி மிகவும் பொருந்தும். காலையில் இட்டிலி போன்ற எளிய உணவால் பசியாறுக. பசியாறாமல் புறப்படுவதும் தவறு. வயிறு புடைக்க உண்பதும் தவறு. தேங்காய்ப்பால் சேர்ந்த சோறும் குழம்பும் நம் நாட்டு வெப்பத்தில் விரைவில் கெடும். ஆகவே, காலையில் கட்டிய பொட்டலத்தை மாலைவரை வைத்திருந்து உண்ணாதீர்.

3. நீர்: கொதித்தாறிய நீரை ஆளுக்கொரு போத்தலில் கொண்டு செல்க. ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டிச் சீரகம் இட்டுக் கொதிக்கவைத்தும் எடுத்துச் செல்லலாம். தாகம் முற்றும்வரை காத்திராமல் சிறிது சிறிதாகப் பருகுக. சிறுநீர் அடர்ந்த மஞ்சள் நிறமாக இருப்பின், உடலில் நீர் குறைந்துள்ளது என்று உணர்க.

4. குமட்டல்: பேருந்தில் குமட்டல் வருவோர் முன்வரிசையில் அமர்ந்து தொலைவில் உள்ளவற்றை நோக்குக, படிப்பதைத் தவிர்க்க. இஞ்சியும் சுக்கும் குமட்டலைத் தணிக்க உதவும். தட்டிய சுக்கையும் மல்லியையும் கொதிக்கவைத்து, சிறிது பனைவெல்லம் சேர்த்து இளஞ்சூடாகப் பருகலாம்.

5. வயிற்றுப்போக்கு: ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில், தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, அடிக்கடி சிறிதளவு கொடுக்க. நிற்காவிடின் மருந்தகம் செல்க.

தைப்பூச நடைப்பயணம்

நம் பெற்றோர் பலர் கிள்ளானிலிருந்து கோமுட்டர் இரயிலில் கோலாலம்பூர் சென்று, தைப்பூசத்தையொட்டி இரவில் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி இரதத்தோடு பத்துமலைக்கு நடக்கின்றனர். ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வழி, இரவெல்லாம் விழிப்பு, பலர் விரதமும் இருப்பர். வழியிலுள்ள பந்தல்களில் நீர்மோர் கிடைத்தால் வாங்கிப் பருகுக. அதில் நீரும் உப்பும் ஒருங்கே இருத்தலின், வியர்வையால் இழந்ததை அது ஓரளவு ஈடுசெய்யும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2019-ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்கள் நூற்றுவருள் ஏறத்தாழ 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. நாம் 'இனிப்பு நீர்' என்று சொல்லும் இந்நோய் உள்ளவர்கள், மருத்துவரைக் கேளாமல் விரதம் இருத்தலும் மாத்திரையை நிறுத்துதலும் ஆபத்தாகும். சுக்கும் சீரகமும் துணையே தவிர, மருத்துவர் தந்த மருந்துக்கு மாற்று அல்ல. பெயரறியாத சூரணங்களையும் வாங்கி உண்ணாதீர். அத்தகைய சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருந்தமை கண்டறியப்பட்டுள்ளது. நம் நாட்டில் பதிவுபெற்ற மருந்துகளில் 'எம்.ஏ.எல்.' எனத் தொடங்கும் பதிவெண் இருக்கும். அதனைப் பார்த்து வாங்குக.

வெயிலில் ஒருவர் நினைவிழந்தால், அவர் வாயில் நீர் ஊற்றாதீர், புரையேறி மூச்சடைக்கும். நிழலில் கிடத்தி, உடலை நீரால் குளிர்வித்து, உடனே 999 என்னும் எண்ணை அழைக்க.

நிறைவாக

அந்த நிகழ்ச்சிக்குப் பின்னர் நம் சுற்றுலாவின் ஒழுங்கு மாறியது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை பேருந்து நிற்கிறது. நின்றவுடன், "கழிவறைக்குச் செல்பவர் சென்று வாருங்கள், எல்லாரும் தண்ணீர் குடியுங்கள்" என்று ஆசிரியரே முதலில் சொல்கிறார். படியேறும் வேலையும் காலையிலேயே முடிந்துவிடுகிறது. இதனால் சற்றுத் தாமதம் நேர்வது உண்மைதான். தாமதமாக வந்து சேர்ந்த பேருந்தில் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தால், அதனைவிட வேறென்ன வேண்டும்?

மாணவர்களே, உங்கள் உடல் கேட்பதைப் பெரியவரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள். பெரியோர்களே, பிள்ளை சொல்லுமுன் நாமே கேட்போம்.

பயிற்சி

1. சரக சம்ஹிதை கூறும் இயற்கை வேகங்களுள் ஐந்தனை எழுதுக.
2. வயிற்றின் நான்கு பகுதிகளையும் எவ்வாறு பயன்படுத்த வேண்டும்?
3. உப்புச் சீனிக் கரைசலை வீட்டில் தாயாருடன் அளந்து தயாரித்துக் காட்டுக.
4. அம்மாணவி ஏன் தண்ணீர் குடிக்கவில்லை? நீங்கள் அவள் தோழியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?