மரக்கரப்பானும் கறையானும்

பட்ட கதியால், கிடுகு, பனங்குற்றி ஆகியவற்றை அரிக்கும் கறையானை அறியாத கமக்காரர் குடாநாட்டில் இலர். கூட்டமாக வாழ்வதால் அது எறும்பினம் போலத் தோன்றும். உண்மையில் அது கரப்பான் இனத்தின் ஒரு கிளையாகும். 2007ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு இதனை உறுதிப்படுத்திற்று.

இவ்வுறவை விளக்குவது கிரிப்டோசேர்க்கசு என்னும் மரக்கரப்பான். வட அமெரிக்காவிலும் கிழக்காசியாவிலும் உள்ள காடுகளில், வீழ்ந்து உக்கும் மரங்களினுள்ளே அது வாழ்கின்றது. அதற்குச் சிறகில்லை. தாயும் தந்தையும் குஞ்சுகளும் ஒரே மரத்தில் குடும்பமாக வாழும். மரநாரைச் செரிக்க உதவுவன அதன் குடலில் உறையும் நுண்ணுயிர்களே. குஞ்சுகள் பெற்றோரின் குடற் கழிவை உட்கொண்டு அவற்றைப் பெறுகின்றன. அமெரிக்க அறிஞர் கிளீவ்லண்ட் 1934இல் இதனை விரிவாக எழுதினார். கறையான்கள் சிலவற்றின் குடலிலும் இத்தகைய உயிர்கள் உள்ளன.

புற்றுக் கட்டும் நம் நாட்டுக் கறையான்களோ வேறு வழியைக் கைக்கொண்டுள்ளன. அவை காய்ந்த சருகையும் மரத்தையும் தின்று, புற்றினுள் பூஞ்சணத் தோட்டம் அமைத்து, அப்பூஞ்சணத்தின் துணையால் நாரை உணவாக்குகின்றன. ஆகவே அவை முதன்மையாக நாடுவது உயிரற்ற பொருளையே. எனினும் வரட்சிக் காலத்தில் தென்னங்கன்று, மிளகாய், கத்தரி ஆகியவற்றின் வேரையும் தண்டையும் தாக்கும். மழை பிந்தினால் புழுதியில் விதைத்த நெல்லும் சேதமுறக்கூடும்.

கமக்காரர் செய்ய வேண்டியவை:

1. அரைகுறையாக உக்கிய எரு கறையானை அழைக்கும். நன்கு உக்கிய எருவையே இடுக.

2. பட்ட வேர்க்கட்டைகளையும் குற்றிகளையும் நாற்றுமேடைக்கும் இளங்கன்றுகளுக்கும் அருகில் விடாது அகற்றுக. உக்கும் தென்னை, பனங்குற்றிகளில் காண்டாமிருக வண்டும் முட்டையிட்டுப் பெருகும்.

3. வரட்சியில் இளம்பயிர்களுக்குத் தவறாது நீர் இறைத்து வருக.

4. தோட்டத்துக்கு அப்பால் தரிசு நிலத்திலுள்ள புற்றுகளை வீணே அழித்தல் வேண்டா. அங்கு கறையான் பட்ட மரத்தையும் சருகையும் மண்ணோடு சேர்த்து நன்மையே செய்கின்றது.

5. புற்றினுள் நஞ்சை ஊற்றும் வழக்கத்தைக் கைவிடுக. குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரை நம்பியுள்ளன. நிலத்தில் ஊற்றும் நஞ்சு, நாமும் நம் பிள்ளைகளும் பருகும் அந்நீரைச் சென்றடையக்கூடும். மருந்து இன்றியமையாததெனத் தோன்றின், முதலில் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.