மூளையும் மனச்சோர்வும்

நுழையும்முன்

உடல் நோயுற்றால் மருத்துவரை நாடும் சமூகம், மனம் சோர்ந்தால் 'மனவுறுதி இல்லாதவர்' என்று பழிக்கிறது. அப்பழி பொருந்தாது என்பதை உணர்த்திய அறிவியல் வரலாற்றில் ஒரு மூலிகைக்கும் பங்குண்டு.

மூலிகை தந்த தடயம்

கடையநல்லூர், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த ஊர். அம்மலைத்தொடரின் ஈரக்காடுகளில் வளரும் செடிகளுள் ஒன்று சர்ப்பகந்தி. அதன் வேர் உயர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை, மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்து அறிவியலாளர்கள் அவ்வேரிலிருந்து ரிசர்பைன் என்னும் வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அதனை உட்கொண்டோருள் சிலருக்கு மனச்சோர்வு தோன்றியதாக மருத்துவர்கள் பதிவுசெய்தனர். அதே காலத்தில், காசநோய்க்குத் தரப்பட்ட இப்ரோனியாசிட் என்னும் மருந்தோ நோயாளிகள் சிலருக்கு உற்சாகமூட்டியது. மருந்து மனநிலையை மாற்றுமெனின், மனநிலைக்கும் மூளையின் வேதியியலுக்கும் தொடர்பு இருத்தல் வேண்டும் அன்றோ?

நரம்பணுக்களின் உரையாடல்

நரம்பணுக்களுக்கிடையே நுண்ணிய இடைவெளி உண்டு. ஓர் அணு வெளியிடும் செரோட்டோனின், நார்அட்ரினலின் முதலிய நரம்புக்கடத்திகள் அவ்விடைவெளியைக் கடந்து, அடுத்த அணுவுக்குச் செய்தியைச் சேர்க்கின்றன. ரிசர்பைன் இக்கடத்திகளின் சேமிப்பைக் குலைக்கிறது. இப்ரோனியாசிட் இவற்றைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. எனவே, கடத்திகளின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம் என்னும் கருதுகோள் 1960களில் வலுப்பெற்றது.

குறைவு மட்டுமா?

மனச்சோர்வுக்கான மருந்துகள் பல, கடத்திகளின் அளவைச் சில மணிநேரத்திலேயே மாற்றுகின்றன. ஆயினும், துயர் தணியச் சில வாரங்கள் ஆகின்றன. ஆதலால், ஒரு வேதிப்பொருளின் குறைவால் மட்டும் இந்நோயை விளக்க இயலாது. நீடித்த மனஅழுத்தத்தில் கார்டிசால் என்னும் இயக்குநீர் மிகுதியாகச் சுரக்கிறது. அது, நினைவாற்றலுக்குத் துணைபுரியும் ஹிப்போகேம்பஸ் பகுதியின் நரம்பிணைப்புகளை நலிவுறச் செய்யக்கூடும். மரபு, இழப்பு, தனிமை ஆகியனவும் இந்நோயில் பங்கு வகிக்கின்றன.

நலிந்த இணைப்புகள் மீண்டும் வலுப்பெறும் நெகிழ்வுத்தன்மை மூளைக்கு உண்டு. மருந்து, உளவியல் ஆலோசனை, உடற்பயிற்சி, உற்றாரின் அரவணைப்பு ஆகியவை மீட்சிக்குத் துணைபுரிகின்றன. 'மனத்தைத் திடப்படுத்திக்கொள்' என்னும் அறிவுரை மட்டும் எலும்புமுறிவைக் குணப்படுத்தாது. மனச்சோர்வுக்கும் அஃதே பொருந்தும்.

தெரிந்து தெளிவோம்

துயரமும் ஆர்வமின்மையும் இரண்டு வாரங்களுக்குமேல் நாள்தோறும் நீடித்தால் மருத்துவரை அணுகுதல் வேண்டும். 2022இல் தொடங்கப்பட்ட நடுவண் அரசின் டெலி மனாஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். மூலிகையாயினும் மருத்துவர் அறிவுரையின்றி உட்கொள்ளலாகாது.

கற்பவை கற்றபின்

மனம் சோர்ந்த நண்பரிடம் சொல்லத்தக்கவை, சொல்லத்தகாதவை குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.