தென்காசி: மதுரையை விட்டவர்கள் கட்டிய தலைநகர்

குற்றாலத்தில் குளிக்கத்தான் பாவூர்சத்திரம் வந்து தங்கியிருப்பீர்கள். பரவாயில்லை, அருவி எங்கும் போகாது. ஒரு காலைப்பொழுதை மட்டும் தென்காசிக்கு ஒதுக்குங்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்; பஸ்ஸும் உண்டு, நெல்லை–செங்கோட்டை ரயிலும் உண்டு. மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள், விடிந்ததும் கிளம்புங்கள்.

இறங்கியதும் அரண்மனை எங்கே என்று தேடவேண்டாம், பார்க்கும்படி எதுவும் மிஞ்சவில்லை. ஆனாலும் இது பாண்டியரின் கடைசித் தலைநகர். 1311இல் மாலிக் காபூர் படை, பிறகு மதுரைச் சுல்தான்கள், அவர்களுக்குப் பின் விஜயநகரம். மதுரை கைவிட்டுப்போக, பாண்டியர் மலையோரம் வந்து ஒண்டினார்கள். 1918க்குப் பின் வியன்னாவுக்கு நேர்ந்தது இதற்குத் தலைகீழ். அங்கே ஐந்து கோடிப் பேரின் பேரரசு போய், மாநகரம் மட்டும் சிறிய நாட்டுக்குத் தலைநகராக நின்றது. இங்கே நகரம் போய்விட்டது, அரசர் மட்டும் மிஞ்சினார். அவர் புதிதாக ஒரு காசியையே கட்டினார்.

அவர் பராக்கிரம பாண்டியர். 1446இல் காசி விசுவநாதர் கோயில் திருப்பணியைத் தொடங்கினார். கோபுர வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். சாரல் மாதங்களில் மேற்குக் காற்று வேட்டியைப் பறிக்கும். பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே மண்டபத்தில் வீரபத்திரர், ரதி, மன்மதன், காளி என்று ஆளுயரத்தை மிஞ்சும் தூண் சிற்பங்கள். அவசரப்படாமல் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். சன்னதிக்கு ஓடுகிறவர்கள் இவற்றைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

எனக்கு இந்தக் கோயிலில் பிடித்தது ஒரு கல்வெட்டுச் செய்திதான். பின்னாளில் இக்கோயிலுக்குக் குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராயினும் அவர் காலில் இப்போதே விழுகிறேன் என்கிறார் அரசர். வென்ற நாடுகளின் பட்டியலைக் கல்லில் வெட்டிவைத்த பரம்பரை அது. தம் கட்டடமும் இடியும் என்று தெரிந்த ஒருவர் அதிலிருந்து பேசுகிறார். சொன்னபடியே ஆயிற்று. அவர் தொடங்கிய கோபுரத்தைத் தம்பி குலசேகரன் முடித்தார். பிற்காலத்தில் தீ தின்று, நெடுநாள் சிதைந்தே கிடந்தது. இன்று நீங்கள் அண்ணாந்து பார்க்கும் ஒன்பது நிலைக் கோபுரம் மறுபடி எழுப்பப்பட்டு 1990இல் குடமுழுக்குக் கண்டது. உயரம் சுமார் 180 அடி.

நடுவில் சண்டைகளும் ஓயவில்லை. திருவிதாங்கூர்ப் பக்கத்து அரசர் பிடித்துக்கொண்ட நிலத்தை 1532வாக்கில் விஜயநகர அச்சுததேவராயர் படை வந்து மீட்டுக்கொடுத்தது. அடுத்து ஆண்ட ஸ்ரீவல்லபன் ‘இறந்தகாலமெடுத்தவன்’ என்று பட்டம் சூடிக்கொண்டார். பெருமையைவிட ஏக்கம்தான் அதில் எனக்குக் கேட்கிறது. 1564இல் பட்டத்துக்கு வந்த அதிவீரராம பாண்டியரைத் தமிழ் படித்தவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நைடதமும் வெற்றிவேற்கையும் அவர் எழுதியவை.

பசித்தால் செங்கோட்டைச் சாலையில் பிரானூர் பார்டருக்குப் போய் பரோட்டா சாப்பிடுங்கள். கோயிலை முடித்துவிட்டுப் போங்கள், சாப்பிட்டபின் நடக்க மனம் வராது. திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தால் பாவூர்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே கீழப்பாவூர். குளத்தங்கரையில் பதினாறு கை நரசிம்மர் இருக்கிறார்.